ஐயுறுதலும் அளந்தறிதலும்
(கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் கற்கத்தக்க ஒரு பாடம்)

பொய் சொல்லும் வாடிக்கையாளரிடம் கடைக்காரர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இவ்வினாவைக் கேட்டவுடன், "இது வணிகர் கவலையன்றோ? மாணவராகிய நமக்கு இதில் என்ன பங்கு?" என்று நண்பர்கள் சிலர் எண்ணக்கூடும். பங்கு உண்டு. ஊரை விட்டு இத்திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த தமிழ் மாணவருள் சிலர் மாலை வேளைகளில் உறவினர் கடையிலோ நண்பர் கடையிலோ அமர்ந்து கைச்செலவுக்குப் பொருள் தேடுகின்றனர். அன்றியும், ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்று அறிய இயலாத நிலையிலும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பது அறிவியல் மாணவனுக்கு நாள்தோறும் நேரும் இடர்ப்பாடே ஆகும். ஆய்வுக்கூடத்தில் பொருள்கள் நம்மை ஏமாற்றுகின்றன; கடையில் சில சமயம் மனிதர் ஏமாற்றுகின்றனர். இரண்டுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நான் காரியவட்டத்தில் வேதியியல் முதுநிலை பயில்பவன். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவன். என் மாமா சாலைக் கடைத்தெருவை அடுத்த ஒரு சந்தில் சிறிய கைப்பேசிக் கடை நடத்துகிறார். சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர்த் திவானாக இருந்த இராஜா கேசவதாசன் காலத்தில் தோன்றிய பழைய அங்காடி. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்து வருகின்றனர்; 'அண்ணாச்சி' என்ற சொல் மலையாளிகள் வாயிலும் அங்கே இயல்பாக வழங்கும். சனிக்கிழமைகளில் நான் அக்கடையின் முகப்பில் அமர்ந்து போன்களை வாங்கிச் சீட்டு எழுதுவேன். மாமா உள்ளே நுண்ணோக்கியின் கீழ்ப் போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே நான் எழுதுவன அந்த முகப்பில் கண்டவையும், அவற்றை விளங்கிக்கொள்ளப் பின்னர்ப் படித்தவையும் ஆகும்.

முகத்தைப் பார்த்து அறிய முடியுமா?

"ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்று கடைக்காரர் பலர் பெருமையாகச் சொல்வர். இப்பெருமையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மாதத்தில் 200 பேர் ஒரு கடைக்கு வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் 10 பேர் ஏமாற்றும் எண்ணம் உடையவர். எஞ்சிய 190 பேர் நேர்மையானவர். இவை கணக்குக்காகக் கொண்ட எண்களே. கடைக்காரரின் கண் பத்துக்கு ஒன்பது முறை சரியாகக் கணிக்கும் கூரிய கண் என்றும் ஒப்புக்கொள்வோம். அப்படியானால் அவர் 10 பொய்யருள் 9 பேரைப் பிடித்துவிடுவார். மகிழ்ச்சிதான். ஆனால் 190 நேர்மையாளருள் பத்தில் ஒருவரை, அதாவது 19 பேரை, அவர் தவறாக ஐயுறுவார். ஆக மொத்தம் அவர் ஐயுற்றவர் 28 பேர். அவர்களுள் 19 பேர் குற்றமற்றவர்!

கூரிய கண்ணே இவ்வளவு தவறு செய்யுமானால், சாதாரணக் கண்ணின் நிலை என்ன? அந்தப் பத்தொன்பது பேர் யாராக இருப்பர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நல்ல உடை உடுத்தி, கடைக்காரரின் மொழியையே பேசுபவர் மீது ஐயம் எழுவதில்லை. வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ வந்து கட்டட வேலை செய்யும் இளைஞன், சுண்ணாம்பு படிந்த கையோடு உடைந்த போனை நீட்டும்போதுதான் "இது யாருடைய போன்?" என்ற கேள்வி குரலில் கடுமையோடு எழுகிறது. வேற்றூரில் பிழைக்க வந்தவன் மீது விழும் இந்தப் பார்வை எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கடையில் அமர்ந்த முதல் வாரத்தில் மாமா எனக்குச் சொன்னது இதுதான்: "மருமவனே, ஆளைப் பாக்காதே, போனைப் பாரு." ஆளை எடைபோடுவது ஊகம், பொருளைப் பார்ப்பது அளவை. இனி, கடை முகப்பில் காணும் பொய்கள் எத்தனை வகை, அவற்றுக்குரிய அளவைகள் எவை என்று ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வகை: குறையை மறைத்தல்

"சும்மா மேசைமேல் இருந்தது, தானே அணைந்துவிட்டது" என்று ஒருவர் போனைத் தருகிறார். திறந்து பார்த்தால் உள்ளே நீர் புகுந்த அடையாளம். பல போன்களில், சிம் அட்டை செருகும் பொந்தினுள்ளோ மூடியின் உட்புறத்திலோ ஒரு சிறு வெள்ளை ஒட்டு இருக்கும். நீர் பட்டால் அது சிவப்பாக மாறிவிடும். போர்டில் பச்சையும் நீலமுமாகப் படிந்திருப்பது செம்பின் உப்பு. ஆகவே நீர் பட்டது உறுதி. அப்படியானால் அவர் சொன்னது பொய்தானா?

இங்கேதான் வேதியியல் நமக்குப் பொறுமையைக் கற்பிக்கிறது. நீர் புகுந்த உடனே போன் எப்போதும் செத்துவிடுவதில்லை. சங்குமுகம் கடற்கரையிலோ கோவளத்திலோ உப்புநீர்த் துளி ஒன்று உள்ளே புகுகிறது என்று கொள்வோம். மின்கலத்தின் அழுத்தம் போர்டில் இருந்துகொண்டே இருக்கிறது. நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்து அயனிகளாகி, ஈரத்தின் வழியே எதிர்முனைப் பக்கம் சென்று, அங்கே மீண்டும் உலோகமாகப் படிகிறது. அப்படிவு மரக்கிளைபோல் வளர்ந்து ஒரு நாள் இரு முனைகளையும் தொட்டுவிடும்போது மின்னோட்டம் குறுக்கே பாய்ந்து போன் அணைகிறது. இதற்குச் சில நாள்கள் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை நனைந்த போன் வியாழக்கிழமை வரை நன்றாகவே பேசியிருக்கும். வியாழக்கிழமை மேசைமேல் இருந்தபோது அது அணைந்தது என்று அவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையை அவர் மறந்தே போயிருப்பார்.

எனவே, பொய்யான செய்தி வேறு, பொய்யர் வேறு. "தண்ணீரில் போட்டீர்களா?" என்று கேட்டால் குற்றஞ்சாட்டுவதுபோல் இருக்கும், "இல்லை" என்ற விடையே வரும். "இந்த மாதத்தில் எப்போதாவது மழையிலோ கடற்கரையிலோ நனைந்ததா, சேட்டா?" என்று கேட்டால் அவரே நினைவுபடுத்திச் சொல்வார். விடை எதுவாயினும் அவர் கண்முன்னே ஒட்டின் நிறத்தைக் காட்டிச் சீட்டில் குறித்துக்கொள்வதே முறை. பழுதுபார்த்த பின், "என் போன் நன்றாக இருந்தது, நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்ற வழக்கு எழாது.

இதில் சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு பொருளைக் குறித்த காரியத்துக்காகப் பிறரிடம் ஒப்படைத்துத் திரும்பப் பெறும் உறவை 148ஆம் பிரிவில் வரையறுக்கிறது. ஒப்படைப்பவர் தாம் அறிந்த குறை, பெறுபவருக்கு அசாதாரணமான ஆபத்தை விளைவிக்கக் கூடியதாயின், அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமையால் நேரடியாக விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பு என்கிறது 150ஆம் பிரிவு. உப்பிய பேட்டரியை அறிந்தே மறைத்துத் தருபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். லித்தியம் மின்கலம் கிழிந்தால் தீப்பற்றும். அதன் எதிரே குனிந்திருப்பவர் ஒரு மனிதர்.

இரண்டாம் வகை: மாற்றிவிட்டீர்கள் என்னும் பழி

புதுக் காம்போ போட்டு அனுப்பிய ஒரு மாதத்தில் ஒருவர் திரும்பி வந்து, "நீங்கள் போட்ட டிஸ்ப்ளே கெட்டுவிட்டது, உத்தரவாதப்படி மாற்றித் தாருங்கள்" என்பார். பார்த்தால் அது கடையில் போட்ட டிஸ்ப்ளேயே அன்று. வேறொருவர், "என் நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டீர்கள்" என்பார். இப்படிப் பழி சொல்வோருள் உண்மையிலேயே பிற கடைகளில் ஏமாந்து அஞ்சியவரும் உண்டு. போலி உதிரிப்பாகம் விற்கும் கடைகள் நாட்டில் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இதற்குரிய அளவை அடையாளமிடுதல். போடும் ஒவ்வோர் உதிரிப்பாகத்தின் உட்புறத்திலும் நாளும் கடைக்குறியும் எழுதிய சிற்றொட்டு ஒன்றை ஒட்ட வேண்டும். பிரித்தால் கிழிந்துபோகும் ஒட்டாக அது இருக்க வேண்டும். பாகத்தில் வரிசை எண் இருந்தால் சீட்டில் எழுத வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை உறையிலிட்டு வாடிக்கையாளரிடமே திருப்பித் தர வேண்டும். இவ்வாறு செய்தால் பொய் சொல்ல வந்தவர் ஒட்டைப் பார்த்ததும் ஓய்ந்துவிடுவார். அஞ்சி வந்தவர் அதே ஒட்டைப் பார்த்து ஆறுதல் பெறுவார்.

மூன்றாம் வகை: பணம் செலுத்தியதாகக் காட்டுதல்

2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால் சில்லறைத் தொல்லை ஒழிந்தது. அதோடு புதிய பொய் ஒன்றும் பிறந்தது. பணம் செலுத்தியது போன்ற படத்தைத் தம் போனில் காட்டிவிட்டுச் சிலர் போய்விடுகின்றனர். அப்படிப்பட்ட படத்தை உண்டாக்கும் போலிச் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் படம் உண்மையாக இருந்தும் பணம் வந்து சேராமல் வங்கியில் தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே இங்கும் ஆளைக் குற்றஞ்சாட்ட இடமில்லை.

நியதி ஒன்றே. அவர் திரையைப் பார்த்து முடிவு செய்யாமல் நம் கணக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒலிப்பெட்டி சொல்லட்டும், ஐயமிருந்தால் நம் வங்கிச் செயலியில் தொகையையும் பரிமாற்ற எண்ணையும் பார்க்கட்டும். "உங்கள் பணம் இன்னும் இங்கே வரவில்லை, இரண்டு நிமிடம் இருங்கள்" என்று சொல்வதில் எவர்க்கும் இழிவில்லை.

பணம் தராமல் போனை மட்டும் கேட்பவரிடம் என்ன செய்வது? உழைப்பையும் திறனையும் செலுத்திப் பழுதுபார்த்தவர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவ்வேலைக்குரிய கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் இரண்டு எல்லைகளை மறத்தலாகாது. இவ்வுரிமை இந்த வேலைக்குரிய கூலிக்கு மட்டுமே. பழைய பாக்கிக்காக இன்றைய போனைப் பிடித்து வைக்க அது இடந்தராது. வைத்துக்கொள்ளத்தான் உரிமை; விற்றுவிட அன்று.

நான்காம் வகை: பிறர் பொருளைத் தமதென்றல்

இதுவே எல்லாவற்றிலும் கொடியது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றிப் பெறுபவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்பது பாரதிய நியாய சம்ஹிதையின் 317ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நாளுக்கு முன் இதுவே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவாக இருந்தது. வெளியூரிலிருந்து வந்து கடை நடத்துபவருக்கு, ஒருமுறை காவல் நிலையத்தில் பெயர் ஏறினாலும் பல்லாண்டு சேர்த்த நற்பெயர் போய்விடும்.

இதற்கு உதவுவது ஐ.எம்.இ.ஐ. எண். போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் தோன்றும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் தோன்றும். முதல் 8 இலக்கங்கள் போனின் வகையையும், அடுத்த 6 அத்தனிப் போனையும் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்க்கும் இலக்கம். இது ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் வகுத்த கணக்கு. 1954இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1960இல் அது கிடைத்தது. அக்கணக்கை நண்பர்கள் தாமே செய்து பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக 49015420323751 என்னும் 14 இலக்கங்களைக் கொள்வோம். இடமிருந்து 2, 4, 6 என இரட்டைப்படை இடத்தில் உள்ள இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். வருவது இரண்டிலக்க எண்ணானால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 9, 1, 4, 0, 2, 7, 1. இரட்டித்துக் கூட்டினால் அவை 9, 2, 8, 0, 4, 5, 2 ஆகும், கூட்டுத்தொகை 30. எஞ்சிய 4, 0, 5, 2, 3, 3, 5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 22. மொத்தம் 52. அடுத்த பத்தின் மடங்காகிய 60ஐ எட்ட 8 வேண்டும். ஆகவே கடைசி இலக்கம் 8. சீட்டில் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் இக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எண் சரியான அமைப்புடையது என்று மட்டுமே இது சொல்லும். போன் யாருடையது என்று சொல்லாது.

அதற்கு வேறு வழி இருக்கிறது. தொலைந்த போன்களை நாடெங்கும் முடக்கும் மைய ஏற்பாடு, 'சஞ்சார் சாத்தி' தளத்தின் வாயிலாக 2023 மே மாதத்தில் இந்தியா முழுவதற்கும் வந்தது. கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டு, இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணை 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்த எண்ணின் நிலை விடையாக வரும். பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு போனின் எண்ணை ஒப்பிடலாம். எல்லாவற்றினும் எளிய அளவை, பூட்டை உரியவரே தம் கையால் திறந்து காட்டுதல். எண்ணையே மாற்றித் தரச் சொல்பவர் எத்தனை ஆயிரம் தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அவ்வாறு அடையாள எண்ணைத் திருத்துதலுக்கு மூன்றாண்டு வரை சிறையோ 50 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கிறது.

ஒரு சனிக்கிழமை, சற்றேறக்குறைய ஒரே நேரத்தில் இருவர் வந்தனர். ஒருவர் கட்டட வேலை செய்யும் வங்காள இளைஞர். அவரிடம் பில் இல்லை, பெட்டியும் இல்லை. மற்றவர் நன்கு உடுத்திய மலையாளி இளைஞர்; விலையுயர்ந்த போனைக் காட்டி, அண்ணனுடையது, பூட்டெண் மறந்துவிட்டது, திறந்து தர வேண்டும் என்றார். இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்: "திறந்து காட்ட முடியுமா?" வங்காள இளைஞர் உடைந்த கண்ணாடியின் மேல் விரலைத் தேய்த்துத் தேய்த்து எப்படியோ திறந்தார். எண்ணைக் குறித்துக்கொண்டு குறுஞ்செய்தி அனுப்பினேன். தடை ஏதும் இல்லை. வேலையை ஏற்றுக்கொண்டோம். மற்றவரிடம் மாமா, "அண்ணனைக் கூட்டிட்டு வாங்க, இல்லேன்னா பில்லோடு வரச் சொல்லுங்க, உடனே செஞ்சு தாறேன்" என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார், திரும்பி வரவில்லை. அவர் திருடரா, அல்லது வேறு கடைக்குப் போன தம்பியா என்பது எங்களுக்கு இன்றும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. எவரையும் குற்றவாளி என்று தீர்மானிக்காமலே சரியான முடிவெடுக்க அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது.

சீட்டு என்னும் சான்று

மேற்கண்ட அளவைகள் எல்லாம் ஒரு சிறு சீட்டில் அடங்கும். பெயர், தொடர்பு எண், போனின் வகை, ஐ.எம்.இ.ஐ. எண், வாடிக்கையாளர் சொன்ன குறை அவர் சொல்லிலேயே, வாங்கும்போது திரை, கேமரா, ஒலிபெருக்கி, மைக், சார்ஜிங் பின் ஆகியவற்றின் நிலை, நீர் ஒட்டின் நிறம், மதிப்பிட்ட கூலி, திருப்பித் தரும் நாள், இருவர் கையொப்பம். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டதாக ஒரு வரி. பூட்டெண்ணை மட்டும் எழுதலாகாது. சோதிக்க வேண்டுமானால் அவரே வந்து திறக்கட்டும். சீட்டைக் கொண்டு வராதவரிடம் போனைத் தருமுன் பதிவான எண்ணுக்கு அழைத்துப் பேச வேண்டும்.

இச்சீட்டு கடைக்காரரையும் கட்டுப்படுத்தும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பணிக்காக வாடிக்கையாளர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். அங்கே இச்சீட்டு இருவர்க்கும் பொதுவான சான்று. நேர்மையான கடைக்காரருக்கு அதைவிட நல்ல துணை எது?

வணிகன் பிறர் பொருளையும் தன் பொருள்போலவே பேண வேண்டும் என்று வள்ளுவர் சொல்லியதை நாம் பள்ளியிலேயே படித்தோம். அதை அவர் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், 'நடுவு நிலைமை' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவைப் படித்தபோது நான் வியந்தேன். சாதாரண அறிவுடைய ஒருவர் தம் சொந்தப் பொருளிடத்துக் காட்டும் அக்கறையை, ஒப்படைக்கப்பட்ட பொருளிடத்தும் காட்ட வேண்டும் என்றே அது கூறுகிறது. இரண்டும் ஒரே அளவுகோலைத்தான் காட்டுகின்றன. பிறர் பொருளைப் பேணுதலை நடுவு நிலைமையின்கீழ் வள்ளுவர் வைத்ததன் பொருத்தம் எனக்குக் கடை முகப்பில்தான் விளங்கியது. வந்தவர் எம்மொழியினராயினும், எவ்வுடையினராயினும், ஒரே சீட்டு, ஒரே கேள்வி, ஒரே சோதனை என்று நிற்பதே அங்கு நடுவு நிலைமை. சிலரிடம் மட்டும் சோதனை செய்தால் அது அவமதிப்பு. எல்லாரிடமும் செய்தால் அது கடையின் வழக்கம்.

நண்பர்களே, உங்களுள் கடை முகப்பில் அமர்வோர் எந்தத் தொழிலாயினும் இம்முறையைத் தொடங்கிப் பார்க்கலாம். நாற்பது ரூபாய்க்கு ஒரு சீட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். முதல் வாரத்தில், "எதற்கு இவ்வளவு எழுத்து?" என்று சிலர் சலித்துக்கொள்வர். "எல்லார்க்கும் இப்படித்தான், சேட்டா" என்று சொல்லுங்கள். அவ்விடை உண்மையாக இருக்கும்வரை அதைச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டியதில்லை.